பம்பர் பூட்டைப் பழிப்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பிக்அப் வண்டி வைத்திருக்கும் தமிழர்களுக்காக உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்பில், பின் பம்பரில் உள்ள ஸ்டெப்னி பூட்டைக் கழற்றி எறிந்துவிடுவதே மேல் என்று யோசனை சொல்லியிருந்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சரோடு நின்று, சாவி திரும்பாமல் திண்டாடியவர்கள் இதைப் படித்ததும் தலையாட்டியிருப்பார்கள். ஆனால் வண்டி வாங்கிய நாள்முதல் ஒரு தடவைகூடச் சாவியைக் காணாத பூட்டு, ஐந்தாறு வருடம் கழித்து நடுராத்திரியில் திறக்கவில்லை என்றால் பூட்டை என்ன சொல்ல? அப்படி ஒரு பூட்டு இருப்பதே பல உரிமையாளர்களுக்கு அப்போதுதான் தெரியவருகிறது.

முதலில் அது எதைப் பூட்டுகிறது என்பதைப் பார்ப்போம். ஃபோர்டு எஃப்-150, ஷெவர்லே சில்வராடோ போன்ற பெரிய பிக்அப்களில் ஸ்டெப்னி சரக்குத் தொட்டிக்கு அடியில் படுத்தவாக்கில் ஒரு எஃகு வடத்தில் தொங்குகிறது. வடத்தைச் சுற்றியும் இறக்கியும் தரும் விஞ்ச் அதற்கு மேலே வண்டியின் அடிச்சட்டத்தில் இருக்கிறது. விஞ்சைத் திருக ஜாக்கிக் கம்பியை நுழைக்கும் துளை பின் பம்பரில் இருக்கிறது. பூட்டு உட்கார்ந்திருப்பது அந்தத் துளையில். அதாவது டயரை அது பிடித்துக்கொண்டிருக்கவில்லை, கம்பி போகும் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் ஒரு கம்பியும் சில நிமிடமும் போதும், யார் வேண்டுமானாலும் டயரை இறக்கிக்கொண்டு போய்விடலாம்.

திறப்பது எளிது. மூடி இருந்தால் அதை எடுத்துவிட்டு, சாவியைப் போட்டுத் திருப்பி, பூட்டை நேராக வெளியே இழுக்க வேண்டும். பின் சீட்டின் அடியிலோ பின்னாலோ உள்ள கருவிப் பையில் துண்டு துண்டாக இருக்கும் கம்பிகளைக் கோத்து, துளை வழியே விஞ்சில் போய் உட்காரும்வரை நுழைக்க வேண்டும். வீல் ஸ்பானரை மாட்டிக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் டயர் இறங்கும். தரையைத் தொட்ட பிறகும் கொஞ்சம் சுற்றி வடத்தைத் தளர்த்துங்கள். டயரை வெளியே இழுத்து, வீலின் நடுத்துளையில், வடத்தின் முனையில் உள்ள தாங்கியைச் சாய்த்து அதே துளை வழியே கழற்ற வேண்டும். வடம் இறுக்கமாக இருந்தால் தாங்கி சாயாது. அங்கேதான் பலர் டயரை உதைக்க ஆரம்பிக்கிறார்கள்.

எந்தச் சாவி என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது. பல வண்டிகளில் இக்னிஷன் சாவியேதான். பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டியில் ரிமோட்டுக்குள் ஒரு சிறு உலோகச் சாவி ஒளிந்திருக்கும். அதை வெளியே எடுத்துப் பார்க்காமலே வண்டியை விற்றவர்களும் உண்டு. சில மாடல்களில் தனிச் சாவி வரும், அது கருவிப் பையிலோ கையேட்டு உறையிலோ கிடக்கும். இத்துடன், சக்கரத்துக்கு ஒன்றாக வரும் திருட்டுத் தடுப்பு நட்டுக்கான அடாப்டரையும் ‘டயர் லாக் சாவி’ என்றே சொல்கிறார்கள். அது ஸ்பானர் முனையில் மாட்டும் சிறு சாக்கெட், பம்பர் பூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டும் கையில் இல்லையென்றால் சாலையோர உதவிக்கு வருபவரும் பெரும்பாலும் வண்டியை இழுத்துச் செல்ல வேண்டியதாகிவிடும். அடாப்டருடன் வரும் எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், தொலைந்தாலும் வேறொன்று வாங்கலாம்.

பூட்டு இறுகுவதற்கு மிச்சிகன், ஒஹாயோ மாதிரி மாநிலங்களில் முதல் காரணம் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு. (டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், 1,100 அடிக்கும் கீழே ஒரு உப்புச் சுரங்கமே இருக்கிறது, பனிக்காலச் சாலைகளுக்கு உப்பு அங்கிருந்தும் வருகிறது.) பின்சக்கரம் வாரியடிக்கும் உப்புச் சேறு பம்பரின் உள்பக்கம் படிந்து சாவித்துளைக்குள்ளும் போகிறது. உள்ளே உள்ள சிறு பின்களும் ஸ்பிரிங்குகளும் துருப்பிடித்து ஒட்டிக்கொள்கின்றன. சாவி உள்ளே போகும், திரும்பாது. அப்போது பிளையரால் பிடித்து முறுக்கினால் சாவி ஒடிந்து பாதி உள்ளே நின்றுவிடும். இக்னிஷனுக்கும் அதே சாவி என்றால் வண்டியும் அங்கேயே நிற்கும்.

இறுகிய பூட்டுக்குப் பொறுமைதான் வேண்டும். அழுத்தக் காற்றால் சாவித்துளையை ஊதிச் சுத்தம் செய்து, துருவை ஊடுருவும் எண்ணெயை அடித்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் மறுபடி அடித்து, பூட்டின் முகத்தில் சிறு சுத்தியலால் லேசாகத் தட்டி, சாவியை முன்னும் பின்னுமாக இழுத்துக் கொடுத்து, பிறகு மெல்லத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் வழிக்கு வரும். வந்ததும் துடைத்துக் காயவைத்து, கிராஃபைட் போன்ற உலர் மசகு போடுங்கள். பசையுள்ள எண்ணெயை மட்டும் விட்டுவைத்தால் மண்ணை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். உறைந்துபோன பூட்டில் வெந்நீர் ஊற்றாதீர்கள், அதுவே மறுபடி உறையும். பூட்டில் உறைந்த பனியை உருக்கும் திரவம் கடைகளில் கிடைக்கும். எதற்கும் மசியாத பூட்டைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும், அதைப் பட்டறையில் விடுவது நல்லது.

உப்பு அதிகம், திருட்டு குறைவு என்ற ஊரில் இருப்பவர் பூட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துளையைத் திறந்துபோட வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் மூடியாவது போட வேண்டும், இல்லாவிட்டால் சேறு உள்ளே போய்க் கம்பி நுழையும் வழியே அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, பூட்டு திறந்தும் டயர் இறங்காமல் நிற்கும். சில்வராடோ போன்ற ஜெனரல் மோட்டார்ஸ் பிக்அப்களின் விஞ்சில் இரண்டாவது கொக்கி ஒன்று உண்டு, வடம் அறுந்தாலும் டயர் சாலையில் விழாமல் பிடித்துக்கொள்ள. சில சமயம் வடம் நன்றாக இருக்கும்போதே அது மாட்டிக்கொள்ளும். அப்போது என்ன செய்வது என்று கையேட்டில் வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு ‘க்ளிக்’ கேட்கும்வரை இறுக்கி, மூன்று நான்கு சுற்று தளர்த்தி, இதைக் குறைந்தது இரண்டு முறை செய்து பார்க்க வேண்டும். அப்படியும் இறங்காவிட்டால், சுமார் 15 செ.மீ. வடம் வெளியே தெரியும்வரை தளர்த்தி, ஜாக்கியை ஸ்டெப்னியின் நடுவில் வைத்து, டயர் மேலே போவது நிற்கும்வரை தூக்கினால் கொக்கி விடுபடும். பிறகு ஜாக்கியை மெல்ல இறக்க வேண்டும். 30 கிலோ தாண்டும் சக்கரம் திடீரென நழுவலாம் என்பதால் பின்னாலோ பக்கத்திலோ யாரும் நிற்கக் கூடாது. இதைப் படிக்காதவர்கள் செய்வது காற்று இம்பாக்ட் கன்னை எடுத்து விஞ்சைச் சுழற்றுவது. அந்தக் கருவியை விஞ்சில் பயன்படுத்தக் கூடாது என்று அதே கையேடு எச்சரிக்கிறது. சுமை மிஞ்சினால் விஞ்ச் கெட்டுவிடும்.

உப்பு கடிப்பது பூட்டை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2009 நவம்பரில் டொயோட்டா தன் 2000-03 டண்ட்ரா பிக்அப்களில் சுமார் 1,10,000 வண்டிகளைப் பழுது சரிசெய்யத் திரும்ப அழைத்தது. குளிர்ப் பிரதேச மாநிலங்களில் ஸ்டெப்னியைத் தாங்கும் பின் குறுக்குச் சட்டமே துருவில் அரித்துப்போய், டயர் சாலையில் விழும் அபாயம் இருந்தது. 2010 ஏப்ரலில் சியெனா மினிவேன்கள் சுமார் 6 லட்சம். அங்கே அரித்தது ஸ்டெப்னி வடம். பின்னால் வருபவரின் கண்ணாடியில் சக்கரம் வந்து விழுவதை எந்தப் பூட்டும் தடுக்காது. ஆகவே உப்புக் காலம் தொடங்குமுன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை டயரை முழுதாக இறக்கிப் பார்க்க வேண்டும். வடத்தில் இழை பிரிந்திருக்கிறதா, சட்டத்தில் துரு ஏடு ஏடாக உரிகிறதா என்று பார்த்து, தண்ணீரால் கழுவி, காற்றையும் சரிபார்த்துவிடலாம்.

திரும்ப ஏற்றும்போது, ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியானால் வால்வு கீழ்நோக்கி இருக்கட்டும், அடுத்த முறை படுத்துக் கையை நீட்டியே காற்றை அளக்கலாம். இரண்டு ‘க்ளிக்’ கேட்கும்வரை இறுக்கி, டயரைத் தள்ளி, இழுத்து, திருப்பிப் பாருங்கள். அசைந்தால் இன்னும் இறுக்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிடுவதால்தான் தளர்ந்த டயர் ஆடி ஆடி வடத்தைத் தேய்க்கிறது.

இவ்வளவும் கையேட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, படிக்காதவர்களை மட்டும் திட்டுவது நியாயமாகாது. இன்றைய பிக்அப் கையேடு சில நூறு பக்கம் போகும். அதில் கணிசமான பகுதி திரை, கேமரா, போன் இணைப்பு பற்றியது. ஸ்டெப்னி பூட்டு வருவதோ பின்பகுதியில், பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்ற அத்தியாயத்தில். பஞ்சர் ஆகும்வரை அதை யார் திறப்பார்கள்? அச்சுப் புத்தகம் சுருங்கி, முழுக் கையேடும் இணையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் அதுவும் கிடைக்காது. அந்த நாலைந்து பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கருவிப் பைக்குள் போட்டுவிடுங்கள். டீலர்கள் வண்டியை ஒப்படைக்கும்போது போனை இணைத்துக் காட்ட அரை மணி செலவழிக்கிறார்கள், பூட்டில் சாவியைப் போட்டு ஒருமுறை திறந்து காட்ட இரண்டு நிமிடம் ஒதுக்கினால் என்ன?

பழைய பிக்அப் வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முந்தைய உரிமையாளர் இக்னிஷன் பூட்டை மாற்றியிருந்தால் இப்போதுள்ள சாவி பம்பர் பூட்டுக்குச் சேராது. பணம் கொடுக்குமுன் பூட்டைத் திறக்கச் சொல்லி, டயரைத் தரைவரை இறக்கச் சொல்லுங்கள். கருவிப் பையில் கம்பிகள் எல்லாம் இருக்கின்றனவா, திருட்டுத் தடுப்பு நட்டு இருந்தால் அதன் அடாப்டர் இருக்கிறதா என்று பாருங்கள். 17 எழுத்தெண் கொண்ட வண்டி எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் போட்டால், சரிசெய்யாமல் விட்ட திரும்ப அழைப்பு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பூட்டு திறக்கவில்லையா, புதுப் பூட்டுக்கும் பட்டறைக் கூலிக்கும் ஆகும் தொகையை விலையில் கழித்துக்கொண்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
டெட்ராய்ட் வாசகர்,
மிச்சிகன், அமெரிக்கா.