மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மாணவர் பகுதியில் மின்சாரத்தைப் பற்றிய அறிமுகக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. எலக்ட்ரான் ஓட்டம், பிராங்க்ளினின் பட்டம், எடிசனின் பல்பு எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. நடுவில் ஒரு வாக்கியம்தான் உறுத்தியது: 100 வாட் பல்பு ஒரு மணி நேரத்தில் 100 வாட் மின்சாரத்தைச் செலவழிக்கிறதாம். நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக, அதாவது வீடு வீடாகப் போய் ரீடிங் எடுப்பவனாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இதைப் பார்த்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை.

மின்சாரம் எவ்வளவு வேகமாகச் செலவாகிறது என்பதற்கான அளவுதான் வாட். ஒரு நொடிக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வாட். அந்த பல்பு ஒரு மணி நேரம் எரிந்தால் செலவாவது 100 வாட் மணி. பத்து மணி நேரம் எரிந்தால் 1000 வாட் மணி. கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட் அதுதான். பைக்கில் முள் காட்டும் வேகம் வேறு, கீழே ஓடும் கிலோமீட்டர் எண் வேறு என்பது எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். அதே வித்தியாசம்தான் இதுவும்.

மாணவர் பகுதியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. செய்திப் பக்கங்களிலும் 'ஒரு நாளைக்கு இத்தனை மெகாவாட் உற்பத்தி' என்று அடிக்கடி வருகிறது. கூடங்குளத்தில் 1000 மெகாவாட் அணுஉலை ஒன்று முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 10 லட்சம் யூனிட் கிடைக்கும். நாள் முழுக்க ஓடினால் 2 கோடியே 40 லட்சம் யூனிட். முப்பந்தல் பக்கம் நிற்கும் 2 மெகாவாட் காற்றாலையோ ஆடிக் காற்றில் தரும் யூனிட்டை மார்கழியில் தராது. திறன் எவ்வளவு, உண்மையில் கிடைத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவரிடம் எந்தப் புள்ளிவிவரத்தைக் கொடுத்தாலும் குழப்பம்தான்.

இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்க ஆய்வகம் எதுவும் வேண்டாம். எல்லா வீட்டு வாசலிலும் ஒரு கருவி மாட்டியிருக்கிறது. உங்கள் கட்டுரையில் மின்நிலையம் இருக்கிறது, கம்பி இருக்கிறது, பல்பு இருக்கிறது, மீட்டர் மட்டும் இல்லை. எனக்கு அதில்தான் வருத்தம்.

எடிசனைப் பற்றி எழுதியவர் அவருடைய மீட்டரைப் பற்றியும் நாலு வரி எழுதியிருக்கலாம். 1882-இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் அவர் மின்நிலையம் திறந்தபோது, யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்று கணக்கு வைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அவர் கண்டுபிடித்த வழி ரசாயனம். துத்தநாக சல்பேட் கரைசல் நிரப்பிய ஜாடியில் இரண்டு துத்தநாகத் தகடுகள். வீட்டுக்குப் போகும் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு இந்தக் கரைசல் வழியாகப் போகும். ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து இன்னொன்றில் படியும். மாதாமாதம் ஆள் வந்து தகட்டைக் கழற்றிக்கொண்டு போய், தராசில் நிறுத்துப் பார்த்து பில் போடுவார். ஓடிய மின்சாரத்தின் அளவுக்கு ஏற்பத்தான் உலோகம் படியும் என்று பள்ளிப் பாடத்தில் வரும் ஃபாரடேயின் மின்னாற்பகுப்பு விதி தவிர வேறெதுவும் இல்லை இதில். குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடாமல் இருக்கப் பெட்டிக்குள்ளேயே ஒரு பல்பை வைத்திருந்தார்கள்! வாடிக்கையாளர் தன் வீட்டு மீட்டரைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. கம்பெனி சொன்னதுதான் கணக்கு. அந்தக் காலத்து கணக்கீட்டாளர்கள் எவ்வளவு சண்டை வாங்கியிருப்பார்கள் என்று என்னால் யூகிக்க முடிகிறது.

அப்புறம் மாறுதிசை மின்னோட்டம் வந்தது. அதற்குத் துத்தநாகத் தராசு உதவாது. ஒரு அரைச்சுற்றில் படிவது மறு அரைச்சுற்றில் கரைந்துவிடும். ஹங்கேரியைச் சேர்ந்த ஓட்டோ பிளாதி 1889-இல் வேறொரு வழி கண்டார். அதன் வாரிசுதான் நம் வீடுகளில் நெடுங்காலம் இருந்த, வட்டத் தகடு சுற்றும் மீட்டர். அந்தத் தகடு அலுமினியம். காந்தம் இழுக்காத உலோகம் மின்காந்தங்களுக்கு நடுவே எப்படிச் சுற்றுகிறது என்பது நல்ல கேள்வி. மாறும் காந்தப்புலம் தகட்டுக்குள் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்குகிறது, அவற்றைக் காந்தப்புலம் தள்ளுகிறது. ஒரு சுருள் வோல்ட்டைக் கவனிக்கும், இன்னொன்று ஆம்பியரைக் கவனிக்கும். தள்ளுவிசை இரண்டின் பெருக்கலுக்கு ஏற்றபடி இருக்கும். பக்கத்தில் பிரேக் போல ஒரு நிலைக்காந்தம். ஆக, தகடு சுற்றும் வேகம் வாட்; சுற்றிய மொத்தச் சுற்று யூனிட். விளிம்பில் இருக்கும் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண் முன்னால் ஓடும். மோட்டார் போட்டதும் தகடு பறப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

இப்போது பெரும்பாலான வீடுகளில் எலக்ட்ரானிக் மீட்டர். தகடு போய்விட்டது, அதற்குப் பதில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மின்னுகிறது. ரீடிங் எடுக்கப் போன இடத்தில் பிள்ளைகள் கேட்டது இதைத்தான்: 'சார், அது ஏன் மின்னுது?' பெரியவர்கள் கேட்டது 'ஏன் சார் இந்தத் தடவை இவ்வளவு?' உண்மையில் இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

மீட்டர் முகப்பில் 3200 என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். சிலவற்றில் 1600, சிலவற்றில் 6400. விளக்கு அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று பொருள். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். 3200-ஆல் வகுத்தால் ஒரு மின்னலுக்கு 1125 ஜூல். எனவே இரண்டு மின்னல்களுக்கு இடையே எத்தனை நொடி என்று பார்த்து 1125-ஐ அதனால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைத்துவிடும். செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும்.

வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு பழைய சீலிங் ஃபேனை மட்டும் போட்டால் 15 நொடிக்கு ஒரு மின்னல் வரும், 75 வாட். இப்போது விற்கும் பிஎல்டிசி ஃபேன் என்றால் 35, 40 நொடிகூட ஆகும், ஏனென்றால் அது 30 வாட் அளவில்தான் ஓடுகிறது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். சூடேறியதும் தானாக நின்றுவிடும் என்பதால் ஆரம்பத்திலேயே பார்த்துவிட வேண்டும். 9 வாட் எல்இடி பல்புக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கப் பொறுமை வேண்டும். ஃபிரிட்ஜ் தானாக ஓடி நிற்கும், அதை அணைக்க மறந்தால் கணக்கு கெடும். எல்லாம் அணைத்த பிறகும் விளக்கு மின்னினால், டிவி பக்கத்தில் போய் செட்டாப் பாக்ஸைத் தேடலாம். அடுக்குமாடி வீடுகளில் மீட்டர் கீழே இருக்கும். ஒருவர் மேலே சுவிட்ச் போட, ஒருவர் கீழே எண்ண, போனில் பேசிக்கொண்டே செய்தால் சரி.

இதில் ஒரு பழைய வாக்குவாதத்துக்கும் முடிவு கட்டலாம். ஃபேனை மெதுவாக வைத்தால் கரண்ட் மிச்சமாகுமா? 'எந்த நம்பரில் வைத்தாலும் ஒன்றுதான்' என்பவர்கள் பெட்டி மாதிரியான பழைய ரெகுலேட்டர் காலத்து ஆட்கள். அதில் மின்தடைக் கம்பி இருந்தது, ஃபேனுக்குப் போகாததில் பெரும்பங்கு ரெகுலேட்டரிலேயே சூடாக வீணாகும், தொட்டால் சுடும். இப்போதைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அந்த வீணடிப்பு மிகக் குறைவு. யார் சொல்வது சரி என்று தாத்தாவிடமோ என்னிடமோ கேட்க வேண்டாம். ஐந்தாம் நம்பரில் ஒரு தடவை, ஒன்றாம் நம்பரில் ஒரு தடவை நொடியை எண்ணிப் பார்த்தால் போதும்.

மாணவர் பகுதியில் கருந்துளை, குவாண்டம் கணினி, செயற்கை நுண்ணறிவு எல்லாம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பேத்தி முதலில் புரட்டுவதும் அந்தப் பக்கங்களைத்தான். ஆனால் அவற்றில் அவள் தானே சரிபார்த்துக்கொள்ள எதுவும் இல்லை. எழுதியவர் சொன்னதை நம்ப வேண்டியதுதான். மீட்டர் விஷயத்தில் கட்டுரை தப்பாக எழுதினால் அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

மின்சாரத்தோடு விளையாடச் சொல்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். பார்ப்பதோடு சரி. மீட்டர் பெட்டியைத் திறப்பதோ, சீலில் கை வைப்பதோ, ஒயரைத் தொடுவதோ கூடவே கூடாது. ஈரமான சுவரில் மீட்டர் இருந்தால் பக்கத்திலேயே போகக் கூடாது. சுவிட்ச் போடுவதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த இதழில் அந்த வாட் வாக்கியத்துக்குத் திருத்தம் போடுங்கள். இடம் இருந்தால் 1600, 3200, 6400 மூன்று வகை மீட்டருக்கும் நொடி, வாட் கணக்கை ஒரு சின்ன அட்டவணையாகச் சேர்த்து, மாணவர்கள் தங்கள் வீட்டு ஃபேனின் அளவை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அட்டவணையை நானே போட்டு அனுப்பவும் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் கணக்கீட்டாளர்,
விருதுநகர்