கையை நீட்டச் சொன்ன டாக்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

குடல், கல்லீரல் நிபுணர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பட்டங்கள், கருவிகள் எல்லாம் சரி. அவர்கள் நோயாளியைப் பார்க்கிற விதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

என் அப்பா திடீரென்று பகலெல்லாம் தூங்கி, ராத்திரியில் விழித்துப் புலம்ப ஆரம்பித்தார். வயசுக் கோளாறு என்று ஒரு டாக்டர் அனுப்பிவிட்டார், நாங்களும் நம்பினோம். அப்புறம் பார்த்த நிபுணர் ஸ்கேன் உறையைப் பிரிக்கவே இல்லை. "ரெண்டு கையையும் நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்குங்க" என்றார். சில நொடிகளில் கைகள் இறக்கை அடிப்பதுபோலத் தொய்ந்து தொய்ந்து எழுந்தன. கல்லீரல் நீக்க வேண்டிய அம்மோனியா போன்ற நச்சு மூளையைத் தாக்கியிருக்கிறது என்றார். அடுத்த கேள்வி, "மலம் தினமும் போகுதா?" மூன்று நாளாகப் போகவில்லை. மலம் தேங்கினால் அந்த நச்சு கூடுமாம். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் கொடுத்தார். தினமும் இரண்டு மூன்று முறை போகிற அளவுக்குக் குடிக்க வேண்டுமாம். நான்காம் நாள் அப்பா செய்தித்தாள் கேட்டார், உங்களுடையதைத்தான்.

குடித்துக் கெட்டார் என்று உறவினர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அவர் மதுவைத் தொட்டதே இல்லை. கல்லீரல் கெட்டதற்குக் காரணம் ஹெபடைடிஸ் சி என்ற வைரஸ். 1989-ல்தான் அந்த வைரஸை அடையாளம் கண்டார்கள். அது தொடர்பாக மூவருக்கு 2020-ல் நோபல் கிடைத்தது. இன்று 12 வார மாத்திரையில் பெரும்பாலானோருக்கு வைரஸ் போய்விடுகிறது. அப்பாவுக்கும் போனது. ஆனால் கல்லீரலில் விழுந்த தழும்பு இருக்கிறது. புற்றுநோய் தலைகாட்டுகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அடுத்தது வரும் மாதம்.

அந்தக் கை சோதனையை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்