‘இரவும் பகலும்’ நாவலின் இரண்டாம் பாகம் எங்கே? எங்கள் வாசகர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாசகர்களுக்கு வணக்கம்.

உஸ்பெக் எழுத்தாளர் சோல்பானின் ‘இரவும் பகலும்’ நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாங்கிச் சென்ற பலர் ஒரே கேள்வியோடு கடைக்கு வந்தீர்கள். அட்டையில் இரவும் இருக்கிறது, பகலும் இருக்கிறது. உள்ளே ‘இரவு’ முடிந்ததும் புத்தகமே முடிந்துவிடுகிறது. மீதி எப்போது வரும்? அல்லது இது பக்கங்கள் விடுபட்ட பிரதியா?

உங்கள் பிரதியில் ஒரு பக்கமும் விடுபடவில்லை. ‘பகல்’ என்ற அந்த இரண்டாம் பாகம் உலகில் யாரிடமும் இல்லை. அதன் காரணத்தைக் கல்லாவில் நின்றபடி இரண்டு வரியில் சொல்லி அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அப்துல்ஹமீது சுலைமான் என்பது அவருடைய இயற்பெயர். விடிவெள்ளி என்று பொருள்படும் ‘சோல்பான்’ அவராகச் சூட்டிக்கொண்ட புனைபெயர். பெர்கானா பள்ளத்தாக்கில், பாபர் பிறந்த அதே ஆண்டிஜான் நகரில், 1890களில் துணி வியாபாரி ஒருவரின் வீட்டில் பிறந்தார். அன்று அது ரஷ்யப் பேரரசரின் ஆளுகையில் இருந்த நிலம். மதரஸாவிலும் ரஷ்யர்கள் நடத்திய பள்ளியிலும் படித்தார். அரபு, பாரசீகம், துருக்கி, ரஷ்யம் எல்லாம் கைவந்தன. புதிய முறைப் பள்ளிகள், நாடகம், செய்தித்தாள் ஆகியவற்றால் தம் சமூகத்தை மாற்றிவிடலாம் என்று நம்பிய ‘ஜதீத்’ சீர்திருத்தக்காரர்களோடு இளம் வயதிலேயே சேர்ந்துகொண்டார்.

1922இல் ‘விழிப்பு’, 1924இல் ‘ஊற்றுகள்’, 1926இல் ‘விடியலின் இரகசியங்கள்’ என்று மூன்று கவிதைத் தொகுப்புகள் வெளிவந்தன. பழைய கஜல் மரபின் கனத்த சொற்களை விலக்கி, பேச்சுக்கு நெருங்கிய உஸ்பெக்கில் பாட முடியும் என்று அவை காட்டின. ‘அழகி’ என்ற கவிதையைப் பாருங்கள். இருண்ட இரவில் மிக ஒளிமிக்க விண்மீனிடம் தன் அழகியைப் பற்றிக் கேட்கிறான் கவிஞன். விண்மீன் வெட்கித் தலைகுனிந்து, நான் அவளைக் கனவில்தான் காண்கிறேன் என்கிறது. பிறகு நிலவிடம் கேட்கிறான், காற்றிடம் கேட்கிறான், கடைசியில் சூரியனிடமே கேட்கிறான். குழந்தைக்குக்கூடப் புரியும் எளிமை, ஆனாலும் படித்து முடித்தால் நெஞ்சை விட்டுப் போவதில்லை. அதே கைதான் ‘பாழடைந்த நாட்டுக்கு’ என்ற கவிதையையும் எழுதியது. வானத்தைத் தொடும் மலைகளை உடைய என் நாடே, உன் தலைக்கு மேல் ஏன் இந்தக் கருமேகம் என்று அது கேட்கிறது. இந்தக் கேள்வியைச் சோவியத் ஆட்சி மறக்கவில்லை.

இந்திய வாசகர்களான நமக்கு இன்னொரு செய்தி உண்டு. சோல்பானுக்குத் தாகூர்மீது பெரும் பற்று. நவாயி முதலான பழைய உஸ்பெக் கவிஞர்களைத் திரும்பத் திரும்பப் படித்தும் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது, மனம் புதுமையைத் தேடுகிறது என்று வெளிப்படையாக எழுதியவர், அந்தப் புதுமையைத் தாகூரிடம் கண்டார். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’டை உஸ்பெக்கில் கொண்டுவந்தவரும் இவரே. அந்த மொழிபெயர்ப்பு 1934இல் நூலாக வந்தது.

1920களின் பிற்பாதியிலேயே ‘தேசியவாதி’ என்ற முத்திரை குத்தப்பட்டு, கூட்டங்களிலும் பத்திரிகைகளிலும் தாக்கப்பட்டார். கவிதைக்கு இடம் சுருங்கிக்கொண்டே போன அந்த ஆண்டுகளில்தான் நாவல் உருவானது. 1936இல் ‘இரவு’ அச்சேறியது.

நாவலை இன்னும் படிக்காதவர்களுக்காக முடிவைச் சொல்லாமல் விடுகிறோம். தொடக்கத்தை மட்டும் சொல்லலாம். வசந்தம் பிறந்திருக்கிறது. கண்டிப்பே உருவான ரஸ்ஸாக் சூஃபியின் மகள் ஸெபி, தோழிகளோடு வண்டியில் பக்கத்துக் கிராமத்துக்குப் போகிறாள். வண்டியோட்டும் இளைஞன் அவள் பாட்டைக் கேட்டு மனதைப் பறிகொடுக்கிறான். வாசகர் அந்த இருவருக்காக மகிழத் தொடங்கும்போதே, ஏற்கெனவே மூன்று மனைவியரை உடைய வட்டார அதிகாரி அக்பரலியின் காதிலும் அந்தக் குரல் விழுகிறது. அவ்வளவுதான், அவள் நான்காம் மனைவி. ஒரு பெண்ணின் பாட்டே அவளுக்கு எமனாகும் இந்தக் கட்டத்தை, ஓரிடத்திலும் பிரசங்கம் செய்யாமல் சோல்பான் எழுதியிருக்கிறார். எங்கள் மதிப்பில் நாவலின் உச்சம் இந்த முதல் அத்தியாயங்கள்தான்.

நாவல் வெளிவந்த மறு ஆண்டு, 1937 ஜூலையில், கைது செய்தார்கள். 1938 அக்டோபர் 4 அன்று தாஷ்கண்டில் சுட்டுக் கொன்றார்கள். உஸ்பெக் நாவலின் தந்தை எனப்படும் அப்துல்லா காதிரியும் அறிஞர் ஃபித்ரத்தும் அதே நாளில் கொல்லப்பட்டார்கள். ஒரு மொழியின் முதல் வரிசை ஒரே நாளில் போயிற்று. ‘பகல்’ இன்றுவரை கிடைக்கவில்லை.

1950களில் சட்டப்படி குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டும், அவர் நூல்கள் மீண்டும் தாராளமாக அச்சேற 1980களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்குள் உஸ்பெக் மொழியின் எழுத்தே அரபிலிருந்து லத்தீனுக்கும், 1940இல் லத்தீனிலிருந்து சிரிலிக்குக்கும் மாறிவிட்டது. 1920களின் கவிதைத் தொகுப்பு வீட்டுப் பரணில் கிடைத்தாலும் பேரப்பிள்ளைகளால் அதை எழுத்துக்கூட்டக்கூட முடியாது. நாங்கள் விற்கும் ஆங்கிலப் பதிப்பு கிறிஸ்டோபர் ஃபோர்ட் மொழிபெயர்த்து 2019இல் வெளிவந்தது.

சோல்பானை ஏன் ‘சோவியத் இலக்கியம்’ அடுக்கில் வைக்கவில்லை என்றும் கேட்டீர்கள். சோவியத் நூல்களைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். கிர்கிஸ் எழுத்தாளர் ஐத்மாத்தவின் ‘ஜமீலா’வைத் தமிழில் படித்த நாளை எங்களில் யாரும் மறக்கவில்லை, அந்த அன்பு குறையவும் இல்லை. ஆனால் அந்த ஐத்மாத்தவின் தந்தையும் 1938இல் இதே அடக்குமுறையில் கொல்லப்பட்டவர். கொன்ற ஆட்சியின் பெயர்ப்பலகைக்குக் கீழே கொல்லப்பட்டவரின் நூலை வைக்க எங்களுக்குக் கை வரவில்லை. அதனால் நுழைவாயிலின் வலப்பக்கம் ‘மத்திய ஆசியா’ என்று தனி அடுக்கு அமைத்து, ஐத்மாத்தவையும் அங்கேயே கொண்டுவந்திருக்கிறோம்.

இறக்குமதி நூல் என்பதால் விலை அதிகம்தான். வாங்க இயலாதவர்களுக்காக ஒரு பிரதியை வாடகை நூலகத்தில் சேர்த்திருக்கிறோம். இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். குறைப்பிரதி என்று எண்ணித் திருப்பிக் கொடுத்தவர்களின் புத்தகங்கள் அவரவர் பெயர்ச்சீட்டோடு கல்லாவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. இந்த மடலைப் படித்த பிறகும் வேண்டாம் என்பவர்களுக்குப் பணம் முழுமையாகத் திருப்பித் தரப்படும். வேண்டும் என்பவர்கள் ஞாயிறு தவிர எந்த நாளிலும் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

அன்புடன்,
கடைப் பொறுப்பாளரும் பணியாளர்களும்