நானாவுக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் அச்சகம் இந்த மாதம் கொழும்பு கொட்டாஞ்சேனை ஒழுங்கையை விட்டு ஜம்பட்டா வீதியில் கொஞ்சம் பெரிய இடத்துக்கு மாறிவிட்டது. வந்து பார்க்கிறவர்கள் "நல்லா வந்திட்டீங்க" என்கிறார்கள். கேட்கச் சந்தோஷம்தான். ஆனால் அதைத் தனியாக வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதலில், நானா என்று நாங்கள் அண்ணன் முறையில் கூப்பிடும் வாடிக்கையாளர். புறக்கோட்டையில் மொத்தத் துணி வியாபாரம். பெயர் போட்டால் கடைப்பக்கம் வரவேண்டாம் என்று உத்தரவு போட்டிருக்கிறார். சரி, போடவில்லை.

அவர் என்னிடம் வந்தது பில் புத்தகம் அடிக்க. வெளியில் இருந்து பார்த்தால் சின்ன வேலை. மூன்று பிரதி, மூன்று நிறத் தாள், தொடர் இலக்கம், கிழிக்கத் துளைக்கோடு. ஓர் இலக்கம் பிசகினாலும் கடைக் கணக்கில் இடிக்கும். அதோடு நானாவின் கடைச் சின்னம் ஒரு தனிப் பச்சை. ஒவ்வொரு முறையும் பழைய புத்தகத்தையும் புதியதையும் வாசலுக்கு எடுத்துப்போய், வெயிலில் பக்கத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு சொட்டு மஞ்சள் கூடியிருந்தாலும் "தம்பி, இது நம்மட பச்சை இல்ல" என்பார். மெஷின்காரப் பெடியனுக்கு அவர் தலையைக் கண்டாலே வயிறு கலங்கும்.

அப்படிப்பட்டவர், நான் கொடுத்த விலைப்பட்டியலை ஒருநாள் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "தாள், பிளேட், மை, பைண்டிங் எல்லாம் இருக்கு. உங்கட கூலி எங்க? மெஷின் தேயுதே, அது எங்க?" எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் அப்படித்தான் விலை சொல்வோம், பக்கத்து அச்சகத்தை விடப் பத்து ரூபாய் குறைத்து. தாளின் பின்பக்கத்தில் அவரே பேனையால் கணக்கு எழுதினார். தேய்மானம், கரண்ட், வீணாகும் தாள், வாடகையில் ஒரு பங்கு. கூட்டிப் பார்த்தால் நான் சொன்னதை விட நன்றாகவே அதிகம். விலையைக் கூட்டச் சொன்ன வாடிக்கையாளரை நான் அதற்கு முன்பும் காணவில்லை, பின்பும் காணவில்லை. "இந்த முறை பேசின விலைதான். அடுத்த முறை சரியான விலை போடுங்க" என்று சிரித்துக்கொண்டே போனார். வியாபாரி வியாபாரிதான்!

பிறகு ஒரு பெரிய இடத்து ஓர்டரில் வாங்கிய, திகதி போட்ட செக் திரும்பி வந்தது. சண்டைக்குக் கிளம்பிய என்னை நானாதான் மறித்தார். "கோபமா போனா வாசலோட அனுப்பிடுவாங்க. பாதியைக் காசா கேளுங்க, மிச்சத்துக்குத் தவணை எழுதி வாங்குங்க." அப்படியே செய்தேன். பெரும்பகுதி கைக்கு வந்தது. கடைசித் தவணை இன்றுவரை வரவில்லை, அது வேறு கதை.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நேரம். மார்ச் மாதக் கடைசியில் கரண்ட் 13 மணி நேரம் வரை இல்லை. இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மலிபன் வீதியில் காலையில் கேட்ட தாள் விலை பின்னேரம் இல்லை. மெஷினை விற்றுவிட்டு ஊருக்கே, ஹட்டனுக்கே போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நானா வந்து அடுத்த வருடத்துப் பில் புத்தகங்களுக்கும் சேர்த்து முற்பணம் வைத்தார். "தாள் இன்னும் ஏறும், இப்பவே வாங்கி அடிங்க." அதில் அவருக்கும் லாபம் இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. அந்தக் காசில்தான் தாள் வாங்கினேன், பெடியன்களுக்குச் சம்பளம் கொடுத்தேன்.

அம்மா தவறியபோது வேன் பிடித்து ஹட்டன் வந்து, தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் பொழுது சாயும்வரை இருந்தார். அன்று வியாபாரப் பேச்சே எடுக்கவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்த தங்கச்சியிடம் அம்மாவைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டுக்குக் கஞ்சி வரும், தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். இதெல்லாம் எப்போது தொடங்கியது என்று இரண்டு வீட்டிலும் யாருக்கும் நினைவில்லை.

அப்புறம், மருதானையிலிருந்து எந்த இரவிலும் வந்து மெஷினைத் திருத்தும் பாஸ், கடன் கொப்பியை மூடாமல் வைத்திருந்த தாள் கடைக்காரர், பைண்டிங் அக்காமார், நகையைக் கழற்றித் தந்த மனைவி எல்லோருக்கும் என் நன்றி. இங்கே ஒரு வரிதான் எழுதினேன் என்று மனைவி கோபிப்பாள், வீட்டில் நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

நானா, உங்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். மகள் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் உங்கள் கடைக் கணக்குமேசைக்கு அவளை அனுப்பலாமா? சம்பளம் வேண்டாம். திட்டு மட்டும் குறைக்காமல் கொடுங்கள்.