தம்பி, அன்றைக்கு அவள் மறக்கவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பில் நீ சொன்னது இன்னும் உறுத்துகிறது. பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்க வேண்டிய உன் மனைவி சேப்பாக்கம் வரை போய்விட்டதை எல்லார் முன்னாலும் சொல்லி, "மாசமானதிலேர்ந்து இவளுக்கு மூளையே வேலை செய்யறதில்ல" என்று சிரித்தாய். அவளும் கூடச் சிரித்தாள். அப்புறம் கை நிறைய வளையலோடு சமையலறையில் தனியாகப் போய் நின்றதை நான் பார்த்தேன்.

கர்ப்பத்தில் மூளை எவ்வளவு வேலை செய்கிறது தெரியுமா? 2003இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் சாமுவேல் வைஸ் குழுவினர் சினைச் சுண்டெலிகளை ஆராய்ந்தபோது, ஏழாம் நாளிலேயே மூளையில் புது நரம்பு செல்கள் பிறப்பது கூடியிருந்தது, குட்டி போட்ட பிறகு இன்னொரு முறையும் கூடியது. தூண்டிவிட்டது புரோலாக்டின், பால் சுரக்க வைக்கிற அதே ஹார்மோன். அந்த செல்கள் போய்ச் சேர்ந்தது வாசனையை அறியும் பகுதிக்கு. 2023இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார்கள்: கர்ப்பத்தின்போது விழித்துக்கொள்கிற ஸ்டெம் செல்கள் தாய்ச் சுண்டெலியிடம் இருக்கின்றன, அவற்றிலிருந்து பிறக்கும் செல்கள் தன் குட்டியை வாசனையால் அடையாளம் காண உதவுகின்றன, குட்டிகள் பால்குடி மறக்கும் சமயத்தில் மறைந்தும் போகின்றன. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

வளர்ந்த மனித மூளையில் புது செல் பிறக்கிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் வழக்கு தீரவில்லை, அதனால் சுண்டெலிக்கு நடப்பது அவளுக்கும் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்பெயினில் 25 பெண்களை முதல் கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ள உதவும் பகுதிகளில் சாம்பல் நிறப் பொருள், அதாவது நரம்பு செல்கள் நெருங்கியிருக்கும் திசு, குறைந்திருந்தது, இரண்டு வருடம் கழித்தும் அந்த மாற்றம் இருந்தது. குறைந்தது என்றதும் "பாத்தியா" என்று ஆரம்பிக்காதே. யாருக்கு மாற்றம் அதிகமோ அவர்களுக்குக் குழந்தையிடம் ஒட்டுதலும் அதிகமாக இருந்தது, ஞாபக சக்திச் சோதனையிலும் அவர்கள் பின்தங்கவில்லை.

சரி, சேப்பாக்கம் விஷயம். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறாள், காலையில் உனக்கும் சேர்த்துக் கட்டிவைத்துவிட்டுத்தான் வேளச்சேரியில் ரயில் ஏறுகிறாள். அன்றைக்கு உட்கார இடம் கிடைத்ததும் அசந்து தூங்கிவிட்டாளாம். உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு என்னிடம் சொன்னாள்.

முதலில் அவளிடம் மன்னிப்புக் கேள். வெள்ளிக்கிழமை செக்கப்புக்கு லீவு போட்டு, நீயே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போ.

அக்கா