மாத்திரையை நிறுத்தியவரிடம் ஏன் என்று கேட்டோமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில் பக்கவாதம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லோருக்கும் புரியும்படி எழுதியிருந்தார்கள். ஆனால் பிரஷர், சுகர் மாத்திரையைப் பாதியில் விடுகிற நோயாளிகளின் அலட்சியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதுபோல அதை முடித்திருந்தது மனதை உறுத்தியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஒரு சிறு நகரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநர். பிரஷர், சுகர் மாத்திரை வாங்க வருகிறவர்களோடுதான் என் நாளில் பெரும்பகுதி போகிறது. நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி வருகிறவர்களிடம் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பேன். சோம்பலாக இருந்தது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அவரவருக்குத் தெரிந்த அளவில் அது நியாயமாகவும் இருக்கிறது.

அடிக்கடி கேட்கிற காரணம், "செக் பண்ணினேன், நார்மல்னு சொல்லிட்டாங்க" என்பது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திப் பழகியவர்கள் நாம். பிரஷர் நார்மலானதே மாத்திரையால்தான், விட்டால் மறுபடி ஏறும், ஏறினாலும் உடம்பு காட்டிக்கொடுக்காது என்று யாராவது உட்கார வைத்துச் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? தலைசுற்றலோ வலியோ இல்லாதவரைத் தினமும் மாத்திரை சாப்பிட வைப்பது எளிய காரியமில்லை. புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதற்குள் இதையெல்லாம் எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்தது கிட்னி பயம். மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்பது எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு. வாட்ஸ்அப் வேறு அதை ஊதிவிடுகிறது. உண்மை நேர்மாறானது. கட்டுப்படாத சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும்தான் சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முன்னால் நிற்கின்றன. டயாலிசிஸ் வரை போனவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது, வருடக்கணக்கில் சாப்பிட்ட மாத்திரைகள்தான் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படுகின்றன. அடங்காமல் இருந்த சர்க்கரை படுவதில்லை.

அந்தப் பயம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். வயல் வேலைக்குப் போகிற ஒரு அம்மா என் கடைக்கு வருவார். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை ஆரம்பித்துச் சில வாரத்தில் இரண்டு கணுக்காலும் வீங்கிவிட்டன. "கிட்னிக்குப் போயிருச்சு தம்பி, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. திட்டுவார்கள் என்று பயம். கணுக்கால் வீக்கம் அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்கு வரக்கூடியதுதான், டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், இல்லையென்றால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார் என்று எடுத்துச் சொல்லி அனுப்பினேன். டாக்டர் மாத்திரையை மாற்றினார், வீக்கம் வடிந்தது. இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறார். எழுதிக் கொடுத்த அன்றே "காலில் வீக்கம் வரலாம், வந்தால் நிறுத்தாதே, என்னிடம் வா" என்று அவருக்கு யாராவது சொல்லியிருந்தால் இத்தனை நாள் மருந்தில்லாமல் இருந்திருக்க மாட்டார். எனலாப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையால் வறட்டு இருமல் வந்து, சளி என்று நினைத்து இருமல் மருந்து கேட்டு வருகிறவர்களும் உண்டு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஆரம்பித்தவருக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்றுதானே பயப்படுவார்?

சொன்னபடி கேட்கிறவர்களுக்கும் ஆபத்து இருக்கிறது. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடும் ஒருவர் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை விடக்கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தால், சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்வார். சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி வியர்த்து, கைகால் நடுங்கி விழுவார். விரதம் இருப்பீர்களா, ஷிஃப்ட் வேலையா, மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று கேட்காமல் எழுதும் சீட்டு அவருக்கு எப்படிப் பொருந்தும்?

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் "ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்க" என்பார்கள். அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் எந்தத் துண்டில் போகும் என்று சொல்ல முடியாது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்தான். ஆனால் தினக்கூலிக்காரருக்கு அதை வாங்கி வர ஒரு நாள் கூலி போகிறது. பஸ் செலவு வேறு. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நான் மனதார வரவேற்றது இதனால்தான். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தால் நிறுத்துவதற்கான ஒரு பெரிய காரணம் இல்லாமல் போகிறது.

நோயாளியைக் குறை சொல்வதைவிட ஏற்பாட்டைச் சரிசெய்வது பலன் தரும் என்பதற்கு நம் சென்னையிலேயே பழைய சான்று இருக்கிறது. 1956இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்துச் சத்தான உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் காசநோய் குணமாகும் என்று நம்பிய காலம். நெரிசலான வீட்டில் அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்த ஏழைகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாக அவர்களும் குணமடைந்திருந்தார்கள். 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. நோயாளியின் வாய்ச்சொல்லை மட்டும் அவர்கள் நம்பவில்லை. திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். விடுபடுகிறது என்று தெரிந்ததும், மாத்திரையை விழுங்குவதை நேரில் பார்த்து மருந்து கொடுக்கும் முறையை 1960களில் இங்கேயே சோதித்தார்கள். மாத்திரை விடுபடுவதைச் சிகிச்சை முறையின் சிக்கலாக எடுத்துக்கொண்டு விடை தேடியவர்கள் அவர்கள். இது ஏழை நாடுகளின் படிக்காத மக்களுக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோய்க்குச் சரியாக மருந்து சாப்பிடுகிறவர்கள் சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் சொன்னது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. சீட்டில் 1-0-1 (காலை ஒன்று, இரவு ஒன்று) என்று எழுதுவதோடு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதையும் எதற்கான மாத்திரை என்பதையும் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும். "இது அதே மருந்துதான்" என்று சொல்ல வேண்டியது எங்களைப் போன்ற கடைக்காரர்களின் வேலை. சொல்லாவிட்டால் பெரியவர்கள் பழையதையும் புதியதையும் சேர்த்தே போட்டுக்கொள்கிறார்கள். ரத்தம் பரிசோதிக்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் பத்தியமாக இருந்து காலைச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டுகிறவர்களும் உண்டு. இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் அவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போதும் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை வரவே மாட்டார்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்கி, பிரஷருக்கும் சுகருக்கும் அதிகம் எழுதப்படும் மாத்திரைகளால் என்னென்ன தொந்தரவு வரலாம், எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்கு உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று ஒரு மருத்துவரைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அதை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
விழுப்புரம் மாவட்டம்.