இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு நடுவே

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. தூரம் அதிகம், ஆகையால் இந்த ஆண்டும் வர இயலாது என்று தம்பியிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை; அது போகட்டும். தூரத்தை மட்டும் அளந்து பார்த்தேன்.

பரணில் கிடந்த உன் உலக உருண்டையை இறக்கித் துடைத்து, நம் விமான நிலையத்தில் ஒரு விரலும் உன் விமான நிலையத்தில் ஒரு விரலுமாக அழுத்திக்கொண்டு, நடுவே அம்மாவின் தையல் நூலை இழுத்துப் பிடித்தேன். வரைபடத்தில் நேர்கோடு போகும் தடத்தை விட்டு விலகி, நூல் வடக்கே வளைந்து ஏறியது. உருண்டையின் மேல் அதுதான் குறுக்கு வழி. 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையில் நூல் 20 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் என்று கொண்டால், நமக்கு நடுவே 8,400 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு, ஏறி இறங்குவதையும் சேர்த்துப் பத்தரை மணி நேரம்.

ஆனால் நேர் விமானம் ஏது? இரண்டு நிலையங்களிலும் ஓடுதளம் சிறியது, பயணிகளும் சொற்பம். மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் விசிறி விமானத்தில் ஏறி, பெரிய நிலையத்தில் மாறி, இன்னொரு பெரிய நிலையத்தில் மறுபடி மாற வேண்டும். பறப்பது 13 மணி நேரம், காத்திருப்பது 9 மணி நேரம். மூன்று விமானங்களையும் ஒரே பயணச்சீட்டில் எடு. தனித்தனியாக எடுத்து, முதலாவது தாமதமானால், அடுத்ததன் பணம் உன்னுடையதுதான் போகும். முதல் முறை தனியாக நீ மாறிப் போன சாமர்த்தியத்தை இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன். பேருந்து மாறவே பதறுகிறவன் நான். அந்தச் சாமர்த்தியம் வருவதற்கு மட்டும் ஏன் உதவவில்லை? இத்தனைக்கும் நீ வருவது கிழக்கு நோக்கி. உயரத்தில் வீசும் மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், போவதைவிட வருவதற்கு நேரம் குறைவு.

22 மணி நேரம் என்று எழுதிவிட்டு, வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டி போன அன்று நான் போட்ட கணக்கு இருபத்தாறரை. உன் பழைய பயணச்சீட்டில் திங்கள் காலை 10.00 புறப்பாடு, செவ்வாய் பகல் 12.30 வருகை என்றிருந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தேன். புறப்படும் நேரம் உன் ஊர்க் கடிகாரத்தில், வந்து சேரும் நேரம் நம் ஊர்க் கடிகாரத்தில் என்பது அப்போது மனத்தில் தட்டவில்லை. நடுவே நான்கரை மணி நேர வித்தியாசம் இருக்கிறது. பாட்டியின் உடலை மறுநாள் பகல் இரண்டு மணிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்றார்கள். நம் ஊர் நேரப்படி மதியம் இரண்டு மணிக்கு நீ கிளம்பினாலும் மறுநாள் நாலரைக்குத்தான் வருவாய், வீணாக அலைய வேண்டாம் என்று உனக்குச் சொல்லாமல் இருந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கே வந்திருப்பாய். சரியாகக் கணக்குப் போட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று என்னை நானே கேட்டேன். உன் அழுகையைத் தொலைபேசியில் கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. தூரம் எனக்கு வசதியாக இருந்தது.

அம்மா நலம். ஒரே பயணச்சீட்டாக எடு. இரண்டு விமானங்களுக்கு நடுவே மூன்று மணி நேரமாவது விடு. எடுத்தால், புறப்படும் நேரத்தை உன் ஊர் நேரப்படியே எழுது. நான்கரை மணி நேரத்தை இம்முறை நான் கழித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா